வாவியின் இரு கரைகளும் கல்வி நீதியும்

மட்டக்களப்பு நாட்டை வாவி இரு கூறாக வகுத்துள்ளது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை எனப்படும். வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாய்ப் பரந்த நிலம் படுவான்கரை எனப்படும். ஞாயிறு எழுந்திசையும் படுந்திசையும் நோக்கி முன்னோர் இட்ட இப்பெயர்களில் உயர்வு தாழ்வு யாதுமில்லை. எனினும், இந்நாட்டின் கல்வி வரலாற்றை ஆராயுமிடத்து, பாடசாலை முந்தித் தோன்றியதும் நிறைந்து வளர்ந்ததும் ஒரு கரையிலே என்பதும், மறுகரை நெடுங்காலம் துறையடியிற் காத்திருந்தது என்பதும் புலப்படும். இலங்கையிற் கல்வியும் இனநீதியும் பற்றி எழுந்த பெரும் வழக்கை இவ்விரு கரைகளில் நின்று நோக்கும்போது, தலைநகரிலிருந்து நோக்குவோர்க்குத் தெரியாத ஓருண்மை தெரிகின்றது. அநீதி எக்காரணத்தால் விளைந்ததோ அக்காரணத்தை அளக்கும் கோலே அதனைத் திருத்தவல்லது; வேறு கோல் கொண்டு அளப்பின் புதியதோர் அநீதியே பிறக்கும் என்பதே அவ்வுண்மை.

மட்டக்களப்பில் ஆங்கிலேயர் காலக் கல்வியின் தொடக்கம் 1814ஆம் ஆண்டாகும். அவ்வாண்டு இங்கு வந்த மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ற் என்பவர், ஓராண்டு நிறைவதற்குள் 1815இல் இம்மண்ணிலேயே உயிர்நீத்தார். அக்குறுகிய காலத்தில் அவர் தொடக்கிய பணியே மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. பெண்களுக்கான வின்சன்ற் உயர்தரப் பாடசாலை 1820இலும், கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி 1873இலும் தத்தம் தொடக்கத்தைக் கொள்கின்றன. மிஷனரிமார் செய்த இத்தொண்டு மறக்கற்பாலதன்று. பெண்கல்வி என்னும் சொல்லே வழங்காத காலத்தில் பெண்களுக்குப் பாடசாலை அமைத்தமை ஒன்றே அவர்தம் புகழுக்குப் போதுமானது.

ஆயினும் அன்றைய அமைப்பினுள்ளே இரண்டு பிரிவினைகள் இருந்தன. முதலாவது மொழிபற்றியது. ஆங்கிலப் பாடசாலைகள் கட்டணம் பெற்றன. தாய்மொழிப் பாடசாலைகள் இலவசமாக நடந்தன. கச்சேரி உத்தியோகமும், வழக்கறிஞர் தொழிலும், வைத்தியத் தொழிலும் ஆங்கிலப் படிப்பின் வழியே கிடைத்தன. தமிழ்ப் பாடசாலையிற் கற்ற பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் கைவந்தன. அதற்கு மேற் செல்லும் வழி பெரும்பாலும் அடைபட்டிருந்தது. ஆகவே கட்டணம் செலுத்த வல்லவன் மகன் ஆளும் வகுப்பிற் சேர, வயலுழுதவன் மகன் வயலுக்கே மீண்டான். இரண்டாவது பிரிவினை சமயம்பற்றியது. உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவை கிறித்தவ சபைகளின் முகாமையில் இருந்தன. ஏற்கெனவே உள்ள பாடசாலைக்குக் கால் மைல் தூரத்தினுள் புதிய பாடசாலை எழுந்தால் அதற்கு நன்கொடை இல்லை என 1891இல் வகுக்கப்பட்ட விதி, முந்தி வந்தோர்க்கு வேலியாகவும் பிந்தி வந்தோர்க்குத் தடையாகவும் அமைந்தது. அவ்விதியில் எந்த இனத்தின் பெயரும் எந்தச் சமயத்தின் பெயரும் இல்லை. எனினும் அதன் பயனாய்த் தடைப்பட்டோர் பௌத்தரும் சைவரும் முஸ்லிம்களுமே. யாவர்க்கும் பொதுவெனத் தோன்றும் விதியும் சிலர்மீது மட்டுமே பாரமாக விழக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இந்நிலையிலேதான் காரைதீவிலே 1892இற் பிறந்த மயில்வாகனனார், பின்னாளிற் சுவாமி விபுலாநந்தர், கல்வித்துறையில் இறங்கினார். மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் நடத்திய பாடசாலைகளிற் கற்றவர் அவர். 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதரும் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியுமாய்ச் சிறந்தார். 1924இல் துறவு பூண்டபின் இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளைக் கிழக்கிலே பரப்பும் பொறுப்பை ஏற்றார். 1929இற் கல்லடி உப்போடையில் எழுந்த சிவானந்த வித்தியாலயம் அம்முயற்சியின் சிகரமாகும். நகரையும் கல்லடியையும் இணைத்த பாலம் 1924இல் அமைந்திருந்தமை அவ்வித்தியாலயத்தின் வளர்ச்சிக்கு உறுதுணையாயிற்று. பாடசாலைக்குக் கட்டடமும் ஆசிரியரும் வேண்டும். அவற்றோடு பாதையும் வேண்டும் என்பதை இவ்விடத்திற் குறித்துக்கொள்ளுதல் தகும்.

அடிகளார் கல்வியைச் சமயப் போட்டிக்குரிய பொருளாக மட்டும் கருதினாரல்லர். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய காலத்து, அருகேயுள்ள திருவேட்களத்திலே தாழ்த்தப்பட்ட மக்கள் வாழ்ந்த சேரிக்குச் சென்று அவர்தம் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். பல்கலைக்கழகத்தின் உயர்பீடத்திலிருந்தவர் மாலை வேளையிற் சேரிக்குச் சென்ற செய்தி, கல்வி யாருக்குரியது என்னும் வினாவுக்கு அவர் அளித்த விடையாகும்.

அவ்வினா அக்காலத்தே வடபுலத்தில் எரிமூட்டிய வினாவாக இருந்தது. 1929-30ஆம் ஆண்டுகளில், நன்கொடை பெறும் பாடசாலைகளிலே தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கல் வேண்டுமென அரசாங்கம் வற்புறுத்தியது. யாழ்ப்பாணத்து இளைஞர் காங்கிரசார் அதனை ஆதரித்தனர். பிள்ளைகளை வாங்கிலே சமமாக இருத்துவதைப் பொறாத சிலர், அவர்களைச் சேர்த்த பாடசாலைகளுக்குத் தீயிட்டனர். அந்நியன் ஆட்சியில் அடிமைப்பட்ட ஓரினம், தன்னுள்ளே ஒரு பகுதியினரை வாங்கில் இருக்கவிடாது தரையில் இருத்தியது என்னும் வரலாற்றை மறைத்தலாகாது. மட்டக்களப்பு நாடும் இதனைப் பிறர் குறையென்று சொல்லிக் கடத்தற்கில்லை. கோயில் முறைமைகளிற் குடிவரிசையும் சாதிவரிசையும் பேணி வந்த நாடு இது. பிறன் இழைத்த அநீதியைக் கூறுவோன் தன் வீட்டுத் திண்ணையையும் நோக்குதல் அறமாகும்.

இலங்கை முழுவதற்கும் பொதுவான பெருமாற்றம் கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவினால் நிகழ்ந்தது. அவர் தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் முதலாந் தேதி தொடக்கம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நகரக் கல்லூரிக்கு நிகரான மத்திய பாடசாலைகள் கிராமங்களில் எழுந்தன. வந்தாறுமூலையில் அமைந்த மத்திய பாடசாலை அவ்வகையினது. அதன் வளவிலேயே 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கிராமத்தில் இட்ட விதை எத்துணைப் பெரிய மரமாகும் என்பதற்கு வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை.

முஸ்லிம் மக்களின் கல்வி விழிப்பும் இக்காலத்ததே. 1942இற் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராய் வந்த ஏ. எம். ஏ. அஸீஸ், அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆங்கே விபுலாநந்த அடிகளோடு அவர் கொண்ட நட்பு இரு சமூகத்தார்க்கும் பயன் விளைத்தது. தம் சமூகம் பின்தங்கியதெனக் கண்ட இருவர், ஒருவர் வளர்ச்சியை மற்றவர் இழப்பாகக் கருதாது பழகினர். பிற்காலத்தார் இழந்த செல்வங்களுள் இம்மனப்பான்மையும் ஒன்று.

ஏனெனில், இலவசக் கல்வியோடு ஒரே காலத்திற் தொடங்கிய தாய்மொழிப் போதனை, நன்மை மிக உடையதாயினும், பிள்ளைகளை மொழிவாரியாகப் பிரித்தும் வைத்தது. முன்னர் ஆங்கிலக் கல்லூரியிற் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஒரே வாங்கிலிருந்தனர். அவ்வாங்கின் விலை ஏழைக்கு எட்டாததாயிருந்தது. பின்னர் விலை நீங்கிற்று, வாங்குகள் வேறாயின. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியபோது, மொழியாற் பிரிந்த பாடசாலைகள் வாய்ப்பாலும் பிரிந்தன. தமிழ் மொழியிற் படித்த பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் எட்டாத் தூரத்துக்கு நகர்ந்தது. ஆதலின் மருத்துவம், பொறியியல் ஆகிய துறைகளே தமிழ்க் குடும்பங்களின் நம்பிக்கையாயின. 1960-61ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கீழ் வந்தபின், நீதி வழங்கும் பொறுப்பும் தவறும் பழியும் அரசினிடமே முற்றாகக் குவிந்தன.

1969இல் இலங்கையின் பொறியியல், மருத்துவ வகுப்புக்களிற் சேர்ந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழராயிருந்தனர். மக்கட்டொகையில் அவர்தம் பங்கு இதனினும் மிகக் குறைவு. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? வடபுலத்திலும் கொழும்பிலும் நூறாண்டுக்கு மேலாக வேரூன்றிய கல்லூரிகளும், அவற்றின் ஆய்வுகூடங்களும், விஞ்ஞான ஆசிரியருமே காரணம். தமிழ் விடைத்தாள்களைத் திருத்தியோர் மிகைப் புள்ளி வழங்கினர் என்னும் ஐயமும் எழுப்பப்பட்டது, அது நிறுவப்படவில்லை. எனினும் 1970இல் அமைந்த அரசாங்கத்தின் காலத்திற் புதிய முறை வந்தது. மருத்துவ வகுப்பிற் சேரத் தமிழ் மொழிமூலம் தோற்றியோர் 400க்கு 250 புள்ளியும், சிங்கள மொழிமூலம் தோற்றியோர் 229 புள்ளியும் பெறல் வேண்டுமென எல்லை வகுக்கப்பட்டது. வினாத்தாள் ஒன்று, பரீட்சை ஒன்று, வாயில்கள் இரண்டு. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் ஒரு முறைமையாகவே நிலைபெற்றது.

இதனால் யாழ்ப்பாணத்து மாணவர்க்கு நேர்ந்த இழப்பைப் பலரும் எழுதியுள்ளனர். எழுதப்படாது போனது வாவிக்கரை மாணவனின் நிலை. 1970ஆம் ஆண்டிற் படுவான்கரைச் சிற்றூர் ஒன்றின் மாணவனை எண்ணிப் பார்க்கலாம். அவன் ஊரில் விஞ்ஞான உயர்தர வகுப்பு இல்லை. அதனைப் படிக்க வேண்டுமாயின் தோணியேறித் துறை கடந்து, நகரில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கல் வேண்டும். அவன் எதிர்கொண்ட தடைகள் மொனராகலையிலோ அநுராதபுரத்திலோ இருந்த சிங்களக் கிராமத்து மாணவன் எதிர்கொண்டவற்றை ஒத்தவை. எனினும் மொழி என்னும் கோல் அவனை யாழ்நகரக் கல்லூரி மாணவனோடும் கொழும்புத் தமிழ் மாணவனோடும் ஒரே கூட்டிற் சேர்த்தது. அவனும் 250 பெறல் வேண்டும். மறுபுறம், கொழும்பின் தலைசிறந்த கல்லூரியில் எல்லா வசதியோடும் சிங்களத்திற் படித்த செல்வர் மகனுக்கு 229 போதுமாயிற்று. பின்தங்கியோரை உயர்த்துவது என்று கூறிய விதி, பின்தங்கியவனைத் தள்ளி முந்தியவனை ஏற்றது. பின்னடைவுக்குக் காரணம் மொழியன்று என்பதற்குப் படுவான்கரை மாணவனே சான்று. அவன் எழுதிய மொழியைக் கணக்கிட்டோர் அவன் இருந்த வாங்கைக் கணக்கிடவில்லை. இனம் என்னும் கோலைக் கல்வியில் நுழைத்தமையின் அநீதி இதுவே.

1974இல் மாவட்ட ஒதுக்கீடு புகுத்தப்பட்டது. மாவட்டத்தின் மக்கட்டொகைக்கு ஏற்ப இடங்கள் வகுக்கப்பட்டன. அவ்வாண்டு பொறியியல் வகுப்பிற் தமிழர் பங்கு ஏறத்தாழ ஆறிலொன்றாக வீழ்ந்தது. யாழ்ப்பாணத்திலே அதன் விளைவு பெருங்கசப்பாயிற்று. கற்றும் வாயில் அடைபட்ட இளைஞரின் சினம் பிற்காலப் போராட்டத்துக்கு ஊட்டமாயிற்று என்பதில் வரலாற்றாசிரியர் பலர் உடன்படுவர். வாவிக்கரையிலோ அதே விதியின் முகம் வேறாயிருந்தது. 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையின் மக்கட்டொகை ஏறத்தாழ 127 இலட்சம்; மட்டக்களப்பு மாவட்டத்தினது இரண்டரை இலட்சத்துக்குச் சற்று மேல்; அஃதாவது நூற்றுக்கு இரண்டு. நூற்றுக்கு இரண்டு இடம் என்பது சிறு தொகையே. ஆயினும் முன்னர் அந்த இரண்டும் உறுதியாகக் கிடைத்தில. மாவட்ட முறையினால் மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை, மன்னார், வவுனியா ஆகிய இடங்களின் பிள்ளைகள், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும், முதன்முறையாகக் கணிசமாக மருத்துவராயும் பொறியியலாளராயும் வரத் தொடங்கினர். 1977இன் பின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்ட முறை மாற்றங்களோடு நிலைத்தது. நாற்பது வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் மக்கட்டொகைக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என இன்று வகுக்கப்பட்டுள்ளது. மட்டக்களப்பு அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று.

இவ்விரு விதிகளையும் தரப்படுத்தல் என்னும் ஒரே சொல்லால் அழைத்து ஒருங்கே போற்றுதலும் ஒருங்கே இகழ்தலும் வழக்கமாகிவிட்டன. அவை இயல்பால் வேறானவை. மொழிவாரி முறை மாணவன் யாவன் என்று கேட்டது. மாவட்ட முறை அவன் எங்கிருந்து வருகிறான் என்று கேட்டது. இரண்டாவது வினா நீதிக்கு அண்மையது. எனினும் அதுவும் நிறைவுடையதன்று. யாழ்ப்பாண மாவட்டம் முந்தியது எனக் கணித்தபோது, ஒரு தலைமுறைக்கு முன் சம ஆசனம் மறுக்கப்பட்டுத் தரையிலிருந்து படித்த சாதியாரின் பிள்ளைகளும், தீவுப்பகுதிகளிலும் வன்னியெல்லையிலும் வசதியின்றிப் படித்தோரும், நகரக் கல்லூரி மாணவரோடு சேர்த்தே முந்தியோராக எண்ணப்பட்டனர். மாவட்டம் என்னும் கோல் மாவட்டத்தின் உள்ளே நோக்கும் கண் இல்லாதது.

பிற நாட்டு வரலாறும் இவ்விடத்து ஒப்புநோக்கத் தகும். சென்னை மாகாணத்தின் வகுப்புரிமை ஆணையை இந்திய உச்ச நீதிமன்றம் 1951இற் செல்லாதெனத் தீர்த்தது. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியை அடுத்து, அவ்வாண்டிலேயே அரசியலமைப்பு முதன்முறை திருத்தப்பட்டுப் பின்தங்கிய வகுப்பினர்க்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழி பிறந்தது. அங்குச் சாதியைக் கணக்கிட்டமைக்குத் தக்க காரணம் இருந்தது. கல்வி மறுக்கப்பட்டதே சாதியினால். அமெரிக்காவில் நீக்ரோ மக்கள் எனப்பட்ட கறுப்பினத்தாரின் பிள்ளைகளைத் தனிப் பாடசாலைகளில் வைத்தல் சமத்துவமாகாதென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இற் தீர்த்தது. அங்கும் தடையாய் நின்றது நிறமே. ஆதலின் நிறத்தைக் கண்டே தடையை நீக்கல் வேண்டியிருந்தது. நோய்முதல் நாடி மருந்து கொடுத்தல் அங்கெல்லாம் நிகழ்ந்தது. இலங்கையில் 1970இல் நிகழ்ந்ததோ, நோய் ஓரிடத்திலிருக்க மருந்தை வேறிடத்திற் தடவியதாகும்.

வாவிக்கரை தன்னையே நோக்கிக் கேட்கவேண்டிய வினா இதனின்று எழுகின்றது. மாவட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட இடங்களிற் படுவான்கரைக்குக் கிடைத்தவை எத்துணை? நகரத்தின் பெரிய கல்லூரிகளும் எழுவான்கரையின் ஊர்களும் ஆசிரியராலும் ஆய்வுகூடங்களாலும் தனியார் வகுப்புக்களாலும் நிறைந்திருக்க, மாவட்டத்தின் பெயரால் வந்த நன்மையின் பெரும்பகுதி ஆங்கேயே தங்கிற்று. கொழும்பிடம் மட்டக்களப்புக் கேட்ட நீதியை மட்டக்களப்பிடம் படுவான்கரை கேட்க நேர்ந்தது. போர்க்காலம் இவ்விடைவெளியைப் பெருக்கிற்று. 2007 வரை அக்கரை மக்கள் சோதனைச் சாவடிகளையும் இடப்பெயர்வையும் கண்டனர். பாடசாலைகள் அகதி முகாம்களாயின. நியமனம் பெற்றுச் சென்ற ஆசிரியர் இடமாற்றம் பெற்று நகருக்கு மீளும் நாளை எண்ணியிருத்தல் இன்றும் கேட்கப்படும் முறைப்பாடாகும்.

கல்லடிக்குப் பாலம் அமைந்தது 1924இல். எழுவான்கரையையும் கொக்கட்டிச்சோலைப் பகுதியையும் இணைக்கும் மண்முனைத் துறைக்குப் பாலம் அமைந்ததோ 2014இல். இடையே தொண்ணூறு ஆண்டுகள். அத்தொண்ணூறு ஆண்டுகளும் மண்முனைத் துறையிற் பாதையையும் தோணியையும் நோக்கி நின்ற பிள்ளைகளின் கணக்கை எந்தப் பரீட்சைத் திணைக்களமும் எழுதி வைக்கவில்லை. பரீட்சை மண்டபத்தில் அவர்கள் பெற்ற புள்ளி மட்டுமே எழுதப்பட்டது.

இன்று மட்டக்களப்பு மாவட்டம் ஐந்து கல்வி வலயங்களாக வகுக்கப்பட்டுள்ளது. படுவான்கரைக்கு மட்டக்களப்பு மேற்கு என்னும் தனி வலயம் உண்டு. அதன் தேவையைத் தனித்துக் கண்டு ஈடுசெய்ய இவ்வேற்பாடு வழி திறக்கின்றது, ஆதலின் வரவேற்கற்பாலது. மட்டக்களப்பு மத்தி என்னும் வலயமோ, ஒன்றோடொன்று தொடராத முஸ்லிம் ஊர்களின் பாடசாலைகளைப் பெரும்பாலும் கொண்டது. அச்சமூகத்தின் கல்விக்கு அது ஊக்கமளித்தது மெய்யே. எனினும் காத்தான்குடிப் பிள்ளையும் ஆரையம்பதிப் பிள்ளையும் ஒரே தெருவில் நடந்து, ஒரே மொழியிற் பேசி, வெவ்வேறு வலயங்களில் வெவ்வேறு வாங்குகளிற் கற்று வளர்கின்றனர். விபுலாநந்தரும் அஸீசும் கல்முனையில் அருகருகே இருந்து உரையாடிய காலத்தை எண்ணுவோர்க்கு இது மகிழ்ச்சி தரும் காட்சியன்று.

சுவாமி விபுலாநந்தர் 1947இல் மறைந்தார். தரப்படுத்தலை அவர் காணவில்லை. ஆயினும் அவர்தம் வாழ்க்கை அதற்குரிய விடையை முன்னரே தந்திருந்தது. பிந்தியிருந்தோரை உயர்த்த அவர் மேற்கொண்ட வழி, அவர்கள் இருந்த இடத்துக்குப் பாடசாலையைக் கொண்டு செல்லுதலாகும். பல்கலைக்கழக வாயிலில் நின்று புள்ளிகளைக் கூட்டியும் குறைத்தும் செய்யும் நீதி, பிள்ளை ஐந்தாம் வயதில் இழந்ததைப் பத்தொன்பதாம் வயதில் ஈடுசெய்ய முயலும் நீதியாகும். அது வேண்டப்படும் காலம்வரை இருக்கட்டும். ஆனால் அதனினும் மூத்த நீதி முதலாம் வகுப்பின் வாங்கிலே தொடங்குகின்றது. மண்முனையில் இப்போது பாலம் உண்டு. அதன்மீது ஒவ்வொரு நாளும் காலையிற் படுவான்கரை மாணவர் எழுவான்கரைக்குக் கல்வி தேடி வருகின்றனர். தேர்ந்த ஆசிரியர் மறுதிசையில் விரும்பிச் செல்லும் நாளிலேதான் அப்பாலம் உண்மையில் இரு கரைகளையும் இணைத்ததாகும்.